கரையான் அரித்த ஆர்மோனியம் சிற்பமாகிறது: இதுவரை நடந்த வேலை

ரீடுகள், அதாவது காற்றில் அதிர்ந்து ஒலி எழுப்பும் பித்தளை நாக்குகள், அத்தனையும் ஆர்மோனியத்தின் பலகையிலிருந்து கழன்றாயிற்று. விரலால் அழுத்தும் கட்டைகள் 39, கட்டைக்கு இரண்டு ரீடு வைத்த டபுள் ரீட் பெட்டி என்பதால் மொத்தம் 78 ரீடுகள். ஒன்றுகூட வளையாமல் வந்ததில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

மதுரைப் பக்கம் ஸ்பெஷல் நாடகங்களுக்கு வாசித்துத் தேய்ந்த ஆர்மோனியம் இது. வாத்தியம் பழுது பார்க்கும் கடை ஒன்றில் மூலையில் கிடந்தது. அடிப்பலகையைக் கரையான் தின்றுவிட்டது, விரலால் அழுத்தினாலே உதிர்கிறது. “இதைச் சரி பண்ற காசுக்குப் புதுசே வாங்கிரலாம் தம்பி” என்று கடைப் பெரியவர் சொன்ன பிறகுதான் கேட்டு வாங்கினேன். இனி வாசிக்கவே முடியாது என்று ஆன வாத்தியத்தை மட்டும்தான் பிரிப்பேன். சரி செய்ய வழியிருந்தால் அது வாசிக்கிறவர் கைக்குத்தான் போக வேண்டும்.

வாத்தியத்தைச் சிற்பமாக்கும் இந்த ஆசையைக் கிளப்பியவர் சிற்பி அர்மான். பிரான்சின் நீஸ் நகரில் 1928இல் பிறந்தவர். அப்பா பழம்பொருள் வியாபாரி, செல்லோவும் வாசிப்பார். மகன் அந்த வாத்தியங்களையே சிற்பத்துக்கு எடுத்துக்கொண்டார். 1962இல் ஒரு பியானோவை அடித்து நொறுக்கி, சிதறல்களைப் பலகையில் பொருத்தி ‘ஷோப்பனின் வாட்டர்லூ’ என்று பெயரிட்டார். அது இன்று பாரிஸின் பாம்பிடு மையம் என்ற கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. இன்னொரு வரிசையில் உடைக்கவில்லை, அறுத்தார். வயலினை வாழைத்தண்டு போல வில்லை வில்லையாக நறுக்கி, சற்றே விலக்கி அடுக்கினார். எனக்கு இந்த இரண்டாவது வகைதான் பிடிக்கும். உடைத்தால் கோபம் தெரிகிறது. அறுத்தால் வாத்தியத்தின் உள்ளே இருப்பது தெரிகிறது. ஆயுத பூஜைக்கு வாத்தியத்துக்குச் சந்தனம் வைத்துப் பழகிய எனக்குச் சுத்தியலை ஓங்க மனசு வரவே வராது.

ஆனால் அர்மானின் வாத்தியங்கள் இனி பேசாது. அந்த இடத்தில் டிரிம்பினைப் பார்த்தேன். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவின் சியாட்டிலில் வேலை செய்யும் கலைஞர். அங்குள்ள இசை அருங்காட்சியகத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட வாத்தியங்களைக் கோபுரமாக நிறுத்தியிருக்கிறார். பெரும்பாலும் கிதார்கள். அவற்றில் சில கணினியின் உதவியால் தாமாகவே வாசிக்கின்றன. கணினி எல்லாம் நம்மால் ஆகாது. ஆனால் சிற்பத்தில் கொஞ்சமாவது சத்தம் மிஞ்ச வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்து வந்ததுதான்.

இனி வேலைக்கு வருகிறேன். துருத்தியை வச்சிரப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். வெந்நீரில் பிழிந்த துணியைச் சற்று நேரம் மேலே போட்டதும் பசை இளகி, தோல் கிழியாமல் பிரிந்தது. ரீடுகளைப் பிடித்திருந்த இரும்புத் திருகுகள்தான் வம்பு. துருப்பிடித்து மரத்தோடு ஒட்டிப்போயிருந்தன. பற்றவைக்கும் சால்டரிங் கம்பியின் சூடான முனையைத் திருகின் தலையில் வைத்து, ஆறவிட்டு, பிறகு திருப்பினால் விட்டுக்கொடுக்கிறது. “அவசரத்துல ரீடை மட்டும் வளைச்சுராதீங்க தம்பி. மடங்கிட்டா அப்புறம் அது பேசாது” என்று பெரியவர் சொல்லியிருந்தார். அதனால் ஒரு உட்காரலில் சில ரீடுகளுக்கு மேல் தொடவில்லை.

ஒரு ரீடைக் கையில் வைத்துப் பார்த்தால் நேரம் போவதே தெரியாது. பித்தளைச் சட்டத்தில் ஒரு நீளத் துவாரம். அதன் ஒரு முனையில் ஆணி அடித்து இருத்திய மெல்லிய நாக்கு, துவாரத்தில் எங்கும் உரசாமல் நிற்கிறது. நாக்கின் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, பல நாக்குகளில் நுனியிலும் அடியிலும் அரக் கீறல்கள், அவையும் வெவ்வேறு சாய்வில். ஒருவர் ஏற்றியதை வேறு யாரோ இறக்கியிருக்கிறார்கள். இந்தக் கீறல்கள் பார்ப்பவர் கண்ணில் பட வேண்டும் என்று எல்லா ரீடையும் நாக்கு வெளியே தெரியும்படிதான் வைக்கிறேன். புளி போட்டுத் தேய்த்தால் பித்தளை பளபளக்கும்தான். நாக்கில் அந்த வேலையே கூடாது. அமிலம் அரித்தால் சுருதி போய்விடும். காய்ந்த டூத் பிரஷால் சட்டத்தை மட்டும் துடைத்தேன். களிம்பு கொஞ்சம் இருந்துவிட்டுப் போகட்டும்.

பழைய வீட்டு நிலையிலிருந்து கிடைத்த தேக்குக் கட்டைதான் முதுகெலும்பு. அதில் கீழ் ஸ்தாயியிலிருந்து மேல் ஸ்தாயி வரை ரீடுகளை வரிசையாகத் திருகினேன். உருவத்தை நான் வரையவில்லை, சுருதியே வரைந்துவிட்டது. தந்தியைப் பாதியாக்கினால் அதிர்வு இரண்டு மடங்காகி ஒரு ஸ்தாயி ஏறும். ரீட் அப்படியில்லை. அதே தடிமனில் நாக்கின் நீளம் பாதியானால் அதிர்வு நான்கு மடங்கு, அதாவது இரண்டு ஸ்தாயி. போதாததற்குக் கீழ்ச் சுருதி நாக்குகளுக்கு நுனியில் கனம் வைத்து, நீளம் கூடாமலே அதிர்வைக் குறைத்திருக்கிறார்கள். அதனால் மூன்று ஸ்தாயிக்கு மேல் போகும் வரிசை ஒரேயடியாகச் சரியாமல் மெல்ல மெல்ல ஒடுங்குகிறது. யாழின் உடம்பில் வரும் சட்டென்ற வளைவு இதில் கிடையாது. இந்த நிதானமான சரிவு எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அதைக் கெடுக்க இனி எதையும் மேலே ஒட்டப் போவதில்லை.

ஒவ்வொரு நாக்குக்கும் ஒரே ஒரு சுரம்தான். அதை அசைத்துக் கமகம், அதாவது சுரத்தின் குழைவு, கொடுக்க முடியாது. இதையும் ஒரு குறையாகச் சொல்லி அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தைத் தள்ளிவைத்தது. 1971இல்தான் அந்தத் தடை தளர்ந்தது. அத்தனை வருஷமும் நாடகக் கொட்டகையில் ராஜபார்ட்டுக்கு, அதாவது கதாநாயகன் வேடக்காரருக்கு, சுருதி கொடுத்துப் பின்பாட்டும் பாடியவர் ஆர்மோனியக்காரர்தான். அந்த மரியாதை இந்தப் பெட்டிக்கு உண்டு என்று மனதார நம்புகிறேன்.

கரையான் தொடாத பலகை ஒரு துண்டு மிஞ்சியிருக்கிறது. ஒவ்வொரு துளைக்குப் பக்கத்திலும் செய்தவர் பென்சிலால் எழுதிய எண் அப்படியே இருக்கிறது. அதற்கு வார்னிஷ் கிடையாது. வரிசையிலிருந்து மூன்று ரீடுகளைக் கழற்றி அந்தத் துண்டில் பூட்டப் போகிறேன்: ஒரு கட்டைச் சுருதியின் ச, அதன் ப, மேல் ச. அவை இருந்த இடம் வெறும் இடைவெளியாகவே நிற்கும். துருத்தி சிற்பத்தின் அடியில் வரும். யார் வேண்டுமானாலும் அதை அமுக்கிச் சுருதி கேட்கலாம்.

காற்று கசியாமல் ஓரங்களுக்கு ஆட்டுத்தோல் ஒட்ட வேண்டும். அதைத் தானே வந்து பார்த்துக்கொள்வதாகப் பெரியவர் சொல்லியிருக்கிறார். விரலால் அழுத்தும் அந்த 39 கட்டைகளை எங்கே வைப்பது என்று இன்னும் முடிவாகவில்லை. விசிறியாக விரிப்பதா, கழற்றிய வரிசையிலேயே தரையில் நிறுத்துவதா? இப்போதைக்கு இரண்டையும் அட்டையில் வெட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.