கொட்டாவி

பதினேழு வருடமாகச் சேலத்தில் பிரசவ வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். இரட்டைக் குழந்தை சிசேரியன் என்றால் தியேட்டர் வாசலில் எப்போதும் கூட்டம் அதிகம். இரண்டு துண்டில் சுற்றி இரண்டு பிள்ளைகளை வெளியே கொண்டு வந்ததும் எல்லோர் கண்ணும் அங்கே போய்விடும். நர்ஸ்களான எங்கள் கண்ணும்தான்.

அந்தப் பெண் ஏற்காட்டில் காபித் தோட்ட வேலைக்குப் போகிறவர். வலி வந்தபின் இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், ஒரு வாரம் முன்பே கன்னங்குறிச்சியில் அண்ணன் வீட்டுக்கு வந்து தங்கிவிட்டார். இரண்டு யூனிட் ரத்தமும் பொருத்தம் பார்த்துத் தயாராக இருந்தது. இரண்டு பிள்ளைகளைச் சுமந்த கர்ப்பப்பை அளவுக்கு மீறி விரிந்திருக்கும். பிள்ளைகளை எடுத்தபின் சுருங்கச் சிரமப்படும். நஞ்சுக்கொடி ஒட்டியிருந்த இடத்து ரத்தக் குழாய்களை நெரித்து மூடுவதே அந்தச் சுருக்கம்தான். நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் ரத்தம் ஓடுகிறது. அது சுருங்காமல் போனால் எவ்வளவு நேரம் கையில் இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டிரிப்பில் கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்சிடோசின் ஓடிக்கொண்டிருந்தது. வார்டுக்கு வந்து ஒரு மணி நேரம் இருக்கும். பி.பி. 110/70, பல்ஸ் 104. பேடில் பெரிதாக ரத்தம் இல்லை. சரி, களைப்பும் வலியும்தான் என்று நினைத்து, சார்ட்டில் எழுதிவிட்டுப் பக்கத்துக் கட்டிலுக்கு நகர்ந்துவிட்டேன். வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை.

“ஏனுங்க சிஸ்டர், புள்ள எதுக்கு இப்படிக் கொட்டாவி விட்டுக்கிட்டே கெடக்குது? தண்ணி தண்ணின்னு வேற கேக்குது” என்றார் அவருடைய அம்மா. பேரப்பிள்ளைகள் இரண்டு பேரும் தொட்டிலில் இருக்க, அவர் மட்டும் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரத்தம் குறையும் உடம்புதான் இப்படிக் கொட்டாவி விட்டுத் தண்ணீர் கேட்கும். திரும்பி ஓடி வயிற்றில் கை வைத்தேன். தொப்புள் பக்கம் கல் மாதிரி உருண்டிருக்க வேண்டிய கர்ப்பப்பை, மேலே ஏறி, பிசைந்த மாவாகத் தொளதொளவென்று கிடந்தது. அழுத்தித் தேய்த்ததும் உள்ளே தேங்கியிருந்த ரத்தம் கட்டி கட்டியாக வந்தது. இடுப்புக்குக் கீழே கை விட்டால் விரிப்பெல்லாம் ஈரம்.

இளம் உடம்பு ரத்தக் குழாய்களை இறுக்கி பி.பி.யைக் கடைசி வரை பிடித்து வைக்கும். முதலில் ஏறுவது பல்ஸ். அந்த 104ஐ என் கையாலேயே எழுதியிருந்தேன்.

டாக்டர் வந்ததும் வேலை வேகமாக நடந்தது. கூடுதல் ஆக்சிடோசின், ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம் ஒரு கிராம். கர்ப்பப்பையைச் சுருக்கும் இன்னொரு மருந்தான மெத்தர்ஜின் போடலாமா என்றால், கடைசி மாதத்தில் அவருக்கு பி.பி. ஏறியிருந்தது, இரட்டைக் கர்ப்பத்தில் அது அடிக்கடி வரும். அதனால் அது கூடாது. அடுத்தது, அதே வேலைக்கான கார்போபிராஸ்ட். இளைப்பு உள்ளவர்களுக்கு அதைப் போடக் கூடாது. அட்மிஷன் அன்றே “மலைக் குளிருக்கு மூச்சு இளைக்குமா?” என்று கேட்டு, இல்லை என்று எழுதி வைத்திருந்தேன். அன்று நான் சரியாகச் செய்த ஒரு காரியம் அது. அப்படியும் கசிவு நிற்கவில்லை. உள்ளே பலூன் வைத்து உப்பவிட்ட பிறகுதான் நின்றது. நனைந்த துணிகளை எடை போட்டோம். ஒரு கிராமுக்கு ஒரு மில்லி என்று கணக்கு. ஒன்றரை லிட்டரைத் தாண்டியிருந்தது. சிசேரியனில் ஒரு லிட்டரே ஆபத்தான அளவு.

இரண்டு யூனிட்டும் ஏறியது. அப்புறம் விடியும் வரை பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பல்ஸ், பேடு, வயிறு. ரத்தம் அவ்வளவு போனதில் பால் சுரக்க மூன்று நாளுக்கு மேல் ஆனது. பாட்டி பிள்ளைகளை மாற்றி மாற்றி மகளின் மார்பில் போட்டுக்கொண்டே இருந்தார்.

அந்த நாளுக்குப் பிறகு, வார்டுக்கு வரும் நர்சிங் மாணவிகளின் கையைப் பிடித்து வயிற்றில் வைத்துக் காட்டுகிறேன். சுருங்கிய கர்ப்பப்பை எப்படி இருக்கும், தளர்ந்தது எப்படி இருக்கும் என்பது விரலுக்குத்தான் புரியும்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் பாட்டியிடம், உடனே மலை ஏற வேண்டாம், கொஞ்ச நாள் கன்னங்குறிச்சியிலேயே இருங்கள், சில வாரம் கழித்தும் ரத்தப்போக்கு வரலாம், பேடு சீக்கிரம் நனைந்தால் 108ஐக் கூப்பிடுங்கள் என்றேன்.

“கொட்டாவி விட்டா?” என்றார்.

“அப்பவும் கூப்பிடுங்கம்மா” என்றேன்.