பூட்டிய வாசலில் கோல்ட்ரேன்

ஜாஸ் இசைக்கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் பழைய வீட்டைப் பார்த்துவிட்டு, நேற்று ராத்திரிதான் அமெரிக்காவின் பிலடெல்பியாவிலிருந்து திரும்பினேன். கோபமும் சந்தோஷமும் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன்.

நியூயார்க்கிலிருந்து இரண்டு மணி நேரம் என்று டிக்கெட் விற்ற பஸ், நாலரை மணி நேரம் உருட்டியது. ஏசி இல்லை, ஜன்னலும் திறக்காது. இறங்கியதும் சிக்கிய டாக்சிக்காரர், மீட்டர் ரிப்பேர் என்று 40 டாலர் கறந்துவிட்டார். அன்றைய பட்ஜெட்டில் பாதி! தயவுசெய்து டவுன் பஸ்ஸில் போங்கள். திரும்பும்போது எனக்கு மூன்று டாலர்கூட ஆகவில்லை.

போனது வடக்கு 33-வது தெரு, 1511-ஆம் எண் வீட்டுக்கு. சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேன் 1952-இல் வாங்கிய வீடு. 1999-இல் தேசிய வரலாற்றுச் சின்னம் ஆனது. இன்றைக்குப் பூட்டிக் கிடக்கிறது. மரச்சட்டத்தில் பெயிண்ட் செதில் செதிலாக உரிகிறது. பார்க்கவே வயிறு எரிந்தது.

ஏனென்றால், 1957-இல் நடந்தது சாதாரண விஷயமா? ஹெராயின் போதைப் பழக்கத்தால் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழுவை விட்டு வெளியேற்றப்பட்டவர், இந்த வீட்டுக்குள் அடைந்து கிடந்துதான் அதை விட்டொழித்தார். அதே வருஷம் பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க்கோடு நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் வாசித்தார். செப்டம்பரில் ‘ப்ளூ ட்ரெய்ன்’ ஆல்பம் பதிவானது. பிறகு பத்தே வருஷம். 1967 ஜூலையில், 40 வயதில், கல்லீரல் புற்றுநோய் கொண்டுபோய்விட்டது.

அந்தப் பத்து வருஷத்துக்குள் எவ்வளவு! ‘ஜயண்ட் ஸ்டெப்ஸ்’ என்ற இசைத்துண்டில் கார்டுகள் (chords, சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கொத்துகள்) மாறும் வேகத்துக்கு மூச்சு முட்டும். அடுத்து நேர் எதிராக, ‘மை ஃபேவரிட் திங்ஸ்’ பாட்டை, உச்ச ஸ்தாயியில் ஒலிக்கும் சோப்ரானோ சாக்ஸபோனில் 13 நிமிஷத்துக்கு மேல் விரிக்கிறார். ஆலாபனை கேட்டுப் பழகிய காது உடனே ஒட்டிக்கொள்ளும். சிதார் மேதை ரவிசங்கர் மேல் அவருக்கு அவ்வளவு பிரியம். 1965-இல் பிறந்த மகனுக்கு ரவி என்றே பெயர் வைத்தார். அந்த ரவியும் இன்று சாக்ஸபோன் கலைஞர்.

ஊருக்குள் சாப்பாட்டுக்கு ரீடிங் டெர்மினல் மார்க்கெட்தான். வறுத்த பன்றிக்கறி, கசப்புக் கீரை, ப்ரொவலோன் சீஸ் வைத்த சாண்ட்விச். சாறு முழங்கை வரை வழிந்தது. கொடுத்த காசுக்கு இரண்டு வேளை பசி அடங்கியது.

ஆனால் சாப்பாட்டுக்கு முன்னால், வீட்டுக்கு எதிரே ஃபேர்மவுண்ட் பூங்கா புல்லில் உட்கார்ந்து அவருடைய ‘எ லவ் சுப்ரீம்’ ஆல்பம் கேட்டேன். 1964 டிசம்பர் 9 அன்று பதிவானது. அதன் கடைசிப் பகுதியில், தானே எழுதிய பிரார்த்தனையைச் சொல் சொல்லாக சாக்ஸபோனில் வாசிக்கிறார். வரிகளை போனில் வைத்துக்கொண்டு விரலால் தொடர்ந்தேன். கடவுளுக்கு நன்றி என்று வரும் இடமெல்லாம் ஒரே மாதிரி இறங்குகிறது நாதம். மறுபடியும் முதலிலிருந்து வைத்தேன். பாதியில் சார்ஜ் தீர்ந்தது. இருட்டும் வரை அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.