ஐந்து பேர், ஒரு சின்ன ஆறு

பூச்சிபோலக் கட்டிய செயற்கை இரையை (ஃப்ளை) வீசி மீன் பிடிக்கும் ஃப்ளை ஃபிஷிங்குக்குக் கூட்டமாகப் போகலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் தண்ணீரில் இறங்கியதும் பிரிந்துவிட வேண்டும். போன ஏப்ரலில் ஹிமாச்சலின் தீர்த்தன் பள்ளத்தாக்குக்குப் போனபோது நாங்கள் ஐந்து பேரும் முதலில் பேசி முடிவு செய்தது இதைத்தான்.

தீர்த்தன் பெரிய ஆறு இல்லை. கிரேட் ஹிமாலயன் தேசியப் பூங்காவின் பனிமலைகளில் பிறந்து, குஷைனி, நாகினி வழியாகப் பாறைகளுக்கு நடுவே குதித்து இறங்கி, லார்ஜியில் பியாஸ் ஆற்றோடு கலக்கிறது. இரைச்சலில் எதிர்க்கரையில் இருப்பவர் கத்தினாலும் காதில் விழாது.

நாங்கள் தேடிப் போன ட்ரவுட், குளிர்ந்த தண்ணீரில் வாழும் மீன். அது நீரோட்டத்தை எதிர்த்துத் தலையை வைத்துக்கொண்டு, மேலிருந்து மிதந்து வரும் இரைக்காகக் காத்து நிற்கும். அதனால் கீழிருந்து மேலே, அதன் முதுகுப் பக்கமாகத்தான் போக வேண்டும். முன்னால் ஒருவர் நடந்துவிட்டால் பின்னால் வருபவருக்கு வெறும் தண்ணீர்தான். ஆகவே ஆளுக்கு ஒரு வளைவு. முடித்தவர் கரையேறி, சாலை வழியாகவே மற்றவர்களைத் தாண்டிப் போய், ஆளில்லாத வளைவில் இறங்குவார். இறங்கிய இடத்துக்கு மேலே சாலையோரக் கல்லில் ஒரு சிவப்புத் துணி. துணி இருந்தால் அந்த வளைவில் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம்.

எங்களில் மூத்தவர் ஊட்டிக்காரர், எல்லோருக்கும் அண்ணன். அவலாஞ்சிப் பக்கம் சிறுவயதிலிருந்தே ட்ரவுட் பார்த்தவர். அவர் தூண்டிலைப் பிரிக்கவே இல்லை. நேராகத் தண்ணீருக்குள் போய் ஒரு கல்லைப் புரட்டினார்.

“இங்க வாங்கப்பா, சாப்பாடு என்னன்னு முதல்ல பாருங்க.”

கல்லின் அடிப்பக்கம் மணல் துகள்களை ஒட்டவைத்துக் கட்டிய, அரிசி நீளக் குழாய்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் கேடிஸ் என்ற பூச்சியின் புழு ஒன்று. பக்கத்திலேயே மூன்று வால் இழைகளோடு மேஃப்ளை என்ற பூச்சியின் தட்டையான குஞ்சுகள், வெளிச்சம் பட்டதும் நண்டுபோலப் பக்கவாட்டில் ஓடின. மேலே பறக்கும் பூச்சி ஒன்றுகூட இல்லை. அதனால் மிதக்கும் ட்ரை ஃப்ளையைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு, தலையில் உலோக மணி வைத்து, பூச்சிக் குஞ்சுபோலக் கட்டிய, மூழ்கும் பழுப்பு நிற நிம்ஃபை எடுத்தோம்.

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இங்கே ஃப்ளைக்குப் பெரிதாகக் கனம் கிடையாது, கனமெல்லாம் லைன் எனும் தடித்த நூலில். அதைப் பின்னால் வீசி, முழுதாக நீளும்வரை ஒரு கணம் பொறுத்து, அப்புறம் முன்னால் வீச வேண்டும். அந்த ஒரு கணப் பொறுமைதான் இந்த வித்தையில் பாதி என்பேன்.

எனக்கு மீன் கிடைத்தது ஒரு பெரிய பாறைக்குப் பின்னால், வேக ஓட்டமும் மந்த ஓட்டமும் உரசும் கோட்டில். மிதந்து வந்த லைன் நுனி சட்டென்று நின்றது. கோலைத் தூக்கினேன், உயிர் தெரிந்தது. ஒரு சாண் நீளத்துக்குச் சற்று அதிகமான பிரவுன் ட்ரவுட். வெண்ணெய் நிற வயிறு, விலாவில் வெளிர் வளையத்துக்குள் சிவப்புப் புள்ளிகள். கையை நனைத்துக்கொண்டுதான் தொட்டேன்; காய்ந்த கை பட்டால் மேலிருக்கும் வழுவழுப்பு உரிந்துவிடும். முள்ளின் எதிர்க்கொக்கியை முன்பே குறட்டால் நசுக்கிவிட்டதால் உடனே கழன்றது. ஓட்டத்துக்கு எதிராகத் தலையைப் பிடித்து நிறுத்தினேன். செவுள் நான்கைந்து தடவை திறந்து மூடியது, போய்விட்டது.

இந்த மீன் இமயத்தின் பூர்வகுடி அல்ல. 1900-இல் ஸ்காட்லாந்திலிருந்து காஷ்மீருக்கு வந்த முட்டைகளின் வழி, 1909-இல் ஹிமாச்சலின் குல்லுவுக்கு வந்தது. அண்ணனின் நீலகிரி ட்ரவுட்டும் ஏறத்தாழ அதே காலத்து வரவுதான். வந்த மீன் இங்கே தானாகவே இனம்பெருக்கி நிலைத்தது என்றால், தண்ணீர் குளிர்ந்து, தெளிந்து, தடையில்லாமல் ஓடுவதால்தான். தீர்த்தனில் நீர்மின் திட்டங்கள் வரவிருந்தபோது முன்னாள் எம்எல்ஏ திலே ராம் ஷபாப் நீதிமன்றம்வரை போய்ப் போராடினார். லார்ஜியில் பியாஸின் அணையைப் பார்த்துவிட்டுத் தீர்த்தனுக்குள் நுழைந்தால் அவருக்கு நாம் எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம் என்று புரியும்.

ஏப்ரலில் போகிறவர்கள் விடியற்காலையில் இறங்கிவிடுங்கள். வெயில் ஏறப் பனி உருகி, மத்தியானத்துக்குள் ஆறு பால் கலந்ததுபோல் கலங்கிவிடும். மீன்வளத் துறையின் உரிமம் கட்டாயம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை இனப்பெருக்கக் காலம், மீன்பிடிக்கத் தடை. சாப்பிட ஆசையா? பள்ளத்தாக்கில் ட்ரவுட் பண்ணைகள் இருக்கின்றன. நாங்கள் கடுகு எண்ணெயில் பொரித்துச் சாப்பிட்டது பண்ணை மீன்தான். ஆற்று மீனை ஆற்றிலேயே விடுங்கள்.

மழைக்காலம் முடிந்து தண்ணீர் தெளிந்ததும், அக்டோபரில் மறுபடி போகிறோம். ஆறாவதாக ஒருவர் வரட்டுமா என்று கேட்டிருக்கிறார். அண்ணன் சரி என்றார், சிவப்புத் துணியை அவரே கொண்டுவர வேண்டும் என்ற நிபந்தனையோடு.