கிளுவ வேலியோரம் கெடந்த செருப்பு

போன மாசியில எங்க கிணத்து மோட்டார் வயரை அறுத்துட்டுப் போயிட்டாங்க. அடுத்த வாரம் பெரியப்பா தோட்டத்துல. காங்கேயம் பக்கம் ஒரு தோட்டத்துச் சாளை வீட்டுக்கும் இன்னொரு சாளைக்கும் நடுவுல ரெண்டு மூணு காடு இருக்கும், கத்துனாலும் கேக்காது. ஊர் ஆம்பளைங்க ராத்திரி ரோந்து போக ஆரம்பிச்சாங்க. ஆளுக்கொரு டார்ச், ஒரு விசில், ஒரு தடி. எங்க மாமாவும் போனாரு. அந்த விசில் சத்தத்துலதான் நான் நிம்மதியாத் தூங்குனேன்.

ஒம்பதாம் நாள் ஒருத்தனப் புடிச்சாங்க. தேங்காய்க்களத்துல வேலை செய்யற வடக்கத்திப் பையன், இருட்டுல வழி தப்பி வந்திருக்கான். விடியக்காலம் எங்க வாசல்ல உக்கார வெச்சிருந்தாங்க. உதடு கிழிஞ்சிருந்துது. ஒத்தக் கால்ல மட்டும் செருப்பு. சொம்புல தண்ணி குடுத்தேன். ரெண்டு கையாலயும் புடிச்சான், பாதி நெஞ்சுல கொட்டுச்சு. பொழுது ஏறுனதுக்கப்புறம் களத்துக்காரர் வந்து "நம்ம பையந்தானுங்க" அப்படின்னதும்தான் விட்டாங்க.

அன்னைக்கிருந்து, இப்படி ஊர்க்காரங்களே காவலுக்கு எறங்குன மெக்சிகோவப் பத்தித் தேடித் தேடிப் படிக்கறேன். மிச்சோவகான் மாநிலம் அமெரிக்க எல்லையிலிருந்து வெகு தூரம். ஆனா அந்த எல்லையத் தாண்டிப் போற போதைச் சரக்குலதான் அங்கத்த கும்பலுங்க கொழுத்துது. அது போதாதுன்னு அதுல ஒண்ணான டெம்ப்ளர் கும்பல் எலுமிச்சை விவசாயிங்ககிட்டயும் கப்பம் வாங்குச்சு. 2013 பிப்ரவரி 24 அன்னைக்கு லா ருவானாவுல இப்போலித்தோ மோராங்கற எலுமிச்சை விவசாயி, தெபால்கதேபெக்குல மிரெலெஸ்ங்கற டாக்டர், ரெண்டு பேரும் ஊர்க்காரங்களச் சேத்துத் துப்பாக்கி எடுத்தாங்க. நம்ம காட்டுல ஒருத்தன் மூட்டைக்கு இவ்வளவுன்னு வசூல் பண்ணா, எங்க அப்பாருகூட எடுத்திருப்பாரு.

கும்பல் சிதறுச்சு. ஆனா அதே கும்பல்ல இருந்தவங்க சட்டைய மாத்திக்கிட்டு ஊர்ப்படையில சேந்தாங்க. அவங்களுக்கு 'மன்னிக்கப்பட்டவங்க'ன்னே பேரு. 2014 மே மாசம் அரசாங்கம் ஊர்ப்படைக்குச் சீருடையும் குடுத்துது. அந்த டிசம்பர்ல ரெண்டு ஊர்ப்படைங்களே லா ருவானாவுல சுட்டுக்கிட்டதுல 11 பேர் செத்தாங்க. மோராவோட பையனும் அதுல ஒருத்தன். மோராவ 2023 ஜூன்ல அவரோட சொந்த ஊர்லயே கொன்னுட்டாங்க.

அதே மாநிலத்துல செரான்னு ஒரு மலையூரு. 2011 ஏப்ரல் 15 விடியக்காலம், காட்ட வெட்டிக் கடத்துன லாரிகளப் பொம்பளைங்க மறிச்சாங்க. கோயில் மணி அடிச்சு ஊரக் கூட்டுனாங்க. அப்புறம் தெருமுனைக்கு ஒரு தீ மூட்டி, ராவெல்லாம் அதச் சுத்தி உக்காந்தாங்க. சமையல் அங்கதான், பேச்சும் அங்கதான். ரோந்துக்குப் போற ஆளையும் அந்தந்தத் தெருவே பொறுக்கி அனுப்புச்சு. போறவன் தப்பு பண்ணா தீக்கு முன்னால வந்து பதில் சொல்லோணும். கட்சிகள ஊருக்குள்ளயே விடலை, 12 பேர் சபைதான் ஊர நடத்துது. இதப் படிச்சப்ப எனக்கு அழுகை வந்துருச்சு.

நேத்து மாமாகிட்டக் கேட்டேன்: "ரோந்து போறவங்க பேரை மாரியம்மன் கோயில்ல எழுதி ஒட்டுங்க மாமா. யாரைப் புடிச்சாலும் எங்களையும் எழுப்புங்க. பொம்பளைங்க நாங்க வந்து விசாரிக்கறோம்."

"ஊர்ல பேசிப் பாக்கறேன்"ன்னாரு.

இன்னொரு செருப்பு கிளுவ வேலியோரமாக் கெடந்துது. கழுவித் திண்ணையில வெச்சிருக்கேன். களத்துல கேட்டேன், அந்தப் பையன் அடுத்த நாளே ஊருக்குப் போயிட்டானாம்.