வாய் பேசாத மான்

முன்பள்ளியில் சேர்ந்த முதல் வருடம், பாத்திரமேற்று நடித்தல் என்றால் பிள்ளைகளுக்கு வசனம் பாடமாக்கிக் கொடுப்பது என்றுதான் நினைத்திருந்தேன். கதிரைகளை வரிசையாகப் போட்டுக் கிண்ணியா பஸ் ஆக்கினேன். ஏறுகிற பிள்ளை "தயவுசெய்து இடம் தாருங்கள்" என்று கேட்க வேண்டும். இருக்கிற பிள்ளை எழும்ப வேண்டும். கலைவிழாவில் ஒப்பிப்பதுபோல அழகாகச் சொன்னார்கள். பஸ் நின்று ஐந்து நிமிடத்தில் அதே கதிரைக்கு அடிபிடி.

அப்புறம் வசனத்தை விட்டுவிட்டேன். கடை, ஆசுபத்திரி, மீன் சந்தை எல்லாம் வந்து போயின. நிலைத்தது மான் விளையாட்டு. திருகோணமலைப் பிள்ளைகளுக்கு மான் காட்டு மிருகமில்லை. கோணேசர் கோயிலுக்குப் போகிற கோட்டை வழியிலும் டவுனிலும் புள்ளிமான்கள் ஆட்களோடு ஆட்களாகத் திரியும்.

மானாக வந்தவள், மூன்று மாதமாக வகுப்பில் வாய் திறக்காத நாலு வயதுக்காரி. மானுக்கு வசனம் இல்லை என்பதால்தான் கையைத் தூக்கினாளோ என்னவோ. மூலையில் குந்தித் தலையில் இரண்டு விரல்களைக் கொம்பாக வைத்தாள். (பெண் மானுக்குக் கொம்பு இல்லை என்று ஒருவன் சண்டைக்கு வந்தான். அவன் சொன்னது சரிதான்.)

எல்லோரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு திரிகிற பையன் ஒருவன் வாழைப்பழத் தோலோடு ஓடினான். மான் சுவரோடு ஒட்டியது. இன்னும் கிட்டப் போனான், முகத்தைத் திருப்பியது.

"மகன், மான் பயந்திட்டுது போல. என்ன செய்வம்?"

கொஞ்ச நேரம் நின்றான். பிறகு குனிந்து, தோலைத் தரையில் வைத்துவிட்டு, இரண்டடி பின்னால் போய்க் காத்திருந்தான். அவன் எதற்காவது காத்திருந்து நான் பார்த்தது அன்றுதான். விளையாடும்போது பிள்ளை தன்னைவிட ஒரு தலை உயர்ந்து நிற்கிறது என்று உளவியலாளர் வைகொட்ஸ்கி 1933இல் ஒரு விரிவுரையில் சொன்னார். பரீட்சைக்காகப் பாடமாக்கிய வரி அது.

அதோடு அவன் திருந்திவிட்டான் என்று சொல்லமாட்டேன். அடுத்த நாள் கைகழுவும் வரிசையில் மறுபடியும் தள்ளினான். "மானுக்குக் கிட்ட எப்படிப் போனீங்க?" என்றேன். கால் கொஞ்சம் பின்னால் வந்தது.

மான் இன்னும் இரண்டு கிழமை பேசவில்லை. பிறகு ஒரு நாள் தோலைப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னது: "எனக்கு இது வேணாம். பிஸ்கட் தாங்க."

மான் கதைக்காது என்று ஒருவரும் சண்டைக்கு வரவில்லை. கொம்புக் கணக்குப் பார்த்தவன்கூட.