ஆணி அடிக்கக் கூடாத அறை: இதுவரை செய்தது

மட்டக்களப்பு வந்தாறுமூலையில் நாங்கள் இரண்டு பேர் இருக்கும் அறை பத்தடிக்குப் பதினொரு அடி. ஓட்டுக் கூரை, சீமெந்துத் தரை, கிழக்கில் ஒரு யன்னல், தெற்கில் ஒன்று. இரண்டு கட்டில், ஒரு மேசை, ஒரு கதிரை வீட்டோடு வந்தவை. அலுமாரி இல்லை. வாடகை பேசும்போதே வீட்டுக்கார அன்ரி சொல்லிவிட்டார்: "என்ன வேணுமெண்டாலும் செய்யுங்க புள்ள, சுவத்தில ஆணி மட்டும் அடிக்கப்படாது."

நானும் அறைத்தோழியும் சேர்ந்து 10,000 ரூபாய் ஒதுக்கினோம். பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் மகாபொல உதவிக் காசு எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு அதுவே பெரிய தொகைதான். மாதிரிக்கு இணையத்தில் படங்கள் பார்த்தோம். எல்லாம் குளிர்நாட்டு அறைகள். தரை முழுக்கக் கம்பளம், கட்டில் முழுக்கத் தலையணை, சுவர் முழுக்க ஒட்டிய படங்கள். இங்கே ஆனி ஆடியில் கச்சான் காற்று அடித்தால் ஓட்டு இடுக்கால் மண் கொட்டும். கார்த்திகை பிறந்து மாரி பிடித்தால் சுவர் ஈரம் குடிக்கும், இரண்டு நாள் தொடாத செருப்பில்கூடப் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே கச்சானுக்கும் மாரிக்கும் நிற்காத சாமானை எவ்வளவு வடிவாக இருந்தாலும் வாங்குவதில்லை என்று வைத்துக்கொண்டோம். இன்னொன்று, காசை வெளிச்சத்துக்கும் துணிக்கும் போடுவது, தளபாடத்துக்கு அல்ல. ஒட்டுப்பலகை ராக்கை ஒன்றின் விலையில் எங்கள் அறையின் பாதி வேலை முடிந்தது. அதோடு ஒட்டுப்பலகை ஒரு மாரி ஈரம் குடித்தால் ஊதிவிடும்.

முதலில் கை வைத்தது சுவரில். பழைய சுண்ணாம்புச் சுவர், உள்ளங்கையால் தடவினால் வெள்ளை ஒட்டும். ஆணி அடிக்க முடியாத இடத்தில் ஒட்டும் கொக்கி போடு என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்தக் கொக்கி டைல்ஸுக்கும் கண்ணாடிக்கும் பெயின்ட் அடித்த மரத்துக்கும் சரி. சுண்ணாம்பில் ஒட்டினால் பசை சுவரைப் பிடிக்காது, மேலே கிடக்கும் பொருக்கைத்தான் பிடிக்கும். ஒரு பையை மாட்டினால் பொருக்கோடு சேர்ந்து கழன்று வரும். எனவே கொக்கிகள் எல்லாம் கதவின் பின்பக்கத்துக்குப் போயின. அது பெயின்ட் அடித்த கதவு. பைகளும் குடையும் இப்போது அங்கேதான் தொங்குகின்றன.

சுவருக்கு மறுபடியும் சுண்ணாம்பே அடித்தோம். எமல்ஷன் வாங்கக் காசும் இல்லை, பொருக்கு எழும்பும் சுண்ணாம்பின்மேல் எமல்ஷன் நிற்கவும் மாட்டாது. முதலில் தும்புத்தடியால் நன்றாகத் தேய்த்துப் பொருக்கை உதிர்த்தோம். நீற்றிய சுண்ணாம்புத் தூளை முதல்நாள் இரவே பழைய வாளியில் ஊறப்போட்டு, காலையில் பழைய சீலைத்துணியில் வடித்து, ஒரு பிடி உப்பும் கொஞ்சம் மரப்பசையும் கலந்தோம். கடைசியில் வெள்ளை உடுப்புக்குப் போடும் நீலம் சில சொட்டு. நீலம் இல்லாவிட்டால் வெள்ளை கொஞ்சம் மஞ்சள் தட்டும்.

சுண்ணாம்பு அடிப்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஈரமாக இருக்கும்போது சுவரில் ஒன்றுமே தெரியாது, தண்ணீர் பூசிய மாதிரித்தான் இருக்கும். அறைத்தோழி தூரிகையோடு நின்று, "இது என்னகா, சுவத்தக் குளிப்பாட்டுறமா?" என்று கேட்டாள். பின்னேரம் காய்ந்த பிறகுதான் வெளுத்தது. தெரியவில்லையே என்று தடிப்பாக அப்பினால் பிறகு வெடித்துப் பொருக்கு எழும்பும். மெல்லியதாக இரண்டு மூன்று பூச்சுத்தான் சரி. கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு அடியுங்கள், சுண்ணாம்பு கண்ணில் பட்டால் விளையாட்டில்லை. சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சணம் சீக்கிரம் ஏறாது என்பது மாரிக்கு ஒரு கூடுதல் லாபம்.

சுவர் வெளுத்ததும் அறை பெரிதாகத் தெரிந்தது. ஆனால் இரவில் பழையபடி மருத்துவமனை வார்டுதான். நடுவில் தொங்கிய ஒற்றை பல்ப் வெளிர்நீல வெள்ளை, கடைகளில் டேலைட் என்று விற்பது, 6500 கெல்வின். ஏறாவூரில் ஒரு கடையில் 3000 கெல்வின், வோர்ம் வைட், 9 வாட் எல்ஈடி ஒன்று வாங்கினோம். பழைய 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சத்துக்குக் குறையாது. கடைக்கார நானா, "மஞ்சள் லைட்டா தங்கச்சி? ஆரும் கேக்கிறல்லியே" என்று பெட்டியின் அடியிலிருந்து எடுத்துத் தந்தார். போகும்முன் வீட்டு ஹோல்டர் பின்னா ஸ்க்ரூவா என்று பார்த்துக்கொண்டு போங்கள், இரண்டும் இங்கே புழக்கத்தில் இருக்கிறது. பழைய டேலைட் பல்ப் மேசை விளக்குக்குப் போனது. படிக்கிறதுக்கு அது நல்லது. மேசையைக் கிழக்கு யன்னலோரம் நகர்த்தி, வெளிச்சம் இடப்பக்கமிருந்து விழும்படி திருப்பினோம். வலக்கையால் எழுதுகிறவர்களுக்கு அப்போதுதான் கையின் நிழல் கொப்பியில் விழாது.

திரைச்சீலைதான் இந்த வேலை முழுவதிலும் எனக்கு ஆகப் பிடித்த பகுதி. அம்மாவின் பழைய பருத்திச் சேலை ஒன்று, நீலத்தில் மெல்லிய சிவப்புக் கரை. சேலையை நீளவாக்கில் தொங்கவிடாமல் பக்கவாட்டில் திருப்பினால் கணக்கு அழகாகப் பொருந்துகிறது. சேலையின் அகலம் 45 அங்குலம். எங்கள் யன்னல் உயரம் மூன்றரை அடி, அதாவது 42 அங்குலம். மேலே கம்பி நுழைய இரண்டு அங்குலம் மடித்தாலும் 43 மிஞ்சும். மேல்கரை மடிப்புக்குள் போய்விடும், கீழ்க்கரை அப்படியே திரையின் அடிக்கரை ஆகிவிடும், அடியில் ஒரு தையலும் தேவையில்லை. நீளம் ஐந்தரை மீற்றர். யன்னல் ஒவ்வொன்றும் நாலடி அகலம். திரை சுருக்கு விழுந்து நிற்க யன்னல் அகலத்தைப் போல இரண்டு மடங்குக்குக் குறையாமல் துணி வேண்டும். சேலையை நாலாக வெட்டி, யன்னலுக்கு இரண்டாகப் போட்டால் இரண்டேகால் மடங்கு வருகிறது. வெட்டிய ஓரங்களையும் மேல் மடிப்பையும் மட்டும் கையால் தைத்தேன். முந்தானைத் துண்டு கிழக்கு யன்னலின் ஓரத்துக்குப் போனது. காலை வெயில் படும்போது அதன் கோடுகள் மட்டும் தனியாகத் தெரியும்.

திரைக்கம்பிக்கு வயர் ஓட்டும் அரை அங்குல பிளாஸ்டிக் குழாய். விலை சொற்பம், துருப்பிடிக்காது. நாலடிக்கு மேல் போனால் நடுவில் தொய்யும், எங்கள் யன்னலுக்குச் சரியாக இருந்தது. அதை எங்கே மாட்டுவது? அன்ரியிடம் போய், "யன்னல் நிலை மரம்தானே அன்ரி, நிலையில அடிச்சா சுவத்தில அடிச்ச கணக்கா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு, "கெம்பஸ் புள்ளைகளோட கதைச்சி வெல்ல ஏலா. சின்ன ஆணியா அடிங்க" என்றார்.

அப்புறம் புத்தகத் தட்டு. சுவரில் ஆணி இல்லை, தரையில் வைத்தால் மாரிக்குப் பயம். 2011 தை வெள்ளத்தைப் பற்றி இந்தப் பக்கத்தில் யாரிடம் கேட்டாலும் ஒரு கதை இருக்கும், தரைமட்டத்தில் புத்தகம் வைப்பதை அன்ரியே விடமாட்டார். மேலே பார்த்தால் ஓட்டுக்குக் கீழே நல்ல தடித்த தீராந்தி ஒன்று குறுக்கே போகிறது. அம்மம்மா வீட்டுக் குசினியில் தயிர்ச்சட்டி தொங்கிய உறி நினைவுக்கு வந்தது. அதையே தட்டாக்கினோம்.

மரக்காலையில் வேப்பம்பலகை வெட்டுத்துண்டு இரண்டு கிடைத்தது. மூன்றடி நீளம், எட்டங்குல அகலம், முக்கால் அங்குலத் தடிப்பு. வேம்பின் கசப்புக்குப் பூச்சி லேசில் வராது. நாலு மூலையிலும் துளை போட்டுத் தரச் சொன்னோம்; அங்கே வேலை செய்கிறவர் துளைக்கு என்று தனிக்காசு வாங்கவில்லை. கயிறு நைலோன். தும்புக்கயிறு பார்க்க வடிவுதான், ஆனால் தூள் உதிரும், ஈரத்தில் மணக்கும். நைலோனின் வெட்டு நுனியை மெழுகுதிரியில் காட்டி உருக்கினால் பிரியாது. வழுக்கும் கயிறு என்பதால் ஒரு முடிச்சு போதாது. துளைக்குக் கீழே இரட்டை முடிச்சு, அதன்கீழ் இன்னொன்று.

நாலு கயிறும் ஒரே நீளத்தில் வருவதுதான் கஷ்டம். இரசமட்டம் யாரிடம் இருக்கிறது? லேபல் உரித்த சோடாப் போத்தலில் பாதித் தண்ணீர் விட்டு, மூடி, பலகையில் படுக்க வைத்தோம். உள்ளே தண்ணீர்க் கோடு போத்தலின் விளிம்புக்குச் சமாந்தரமாக நின்றால் பலகை மட்டம். நீளவாக்கில் ஒரு தரம், குறுக்குவாக்கில் ஒரு தரம். ஒருத்தி போத்தலைப் பார்த்துச் சொல்ல, மற்றவள் கதிரையில் ஏறி முடிச்சைத் தளர்த்தி இறுக்க, ஒரு பின்னேரம் முழுக்கப் போனது. அவசரப்பட்டால் பேனா உருளும் தட்டுத்தான் கிடைக்கும். தடித்த பாடநூல்கள் மேசையிலேயே இருக்கின்றன. உறித்தட்டில் கொப்பிகள், சின்னப் புத்தகங்கள், என் பிள்ளையார் படம்.

பிள்ளையார் படத்துக்கு இடம் பார்த்ததும் ஒரு சின்ன ஒப்பந்தத்தில்தான். அறைத்தோழி மருதமுனைக்காரி. தொழும் பக்கம், மேற்குச் சுவர், வெறுமையாக இருக்க வேண்டும் என்று முதலே சொல்லிவிட்டாள். "அந்தப் பக்கம் படம் கிடம் ஒண்டும் வெச்சிராத, நான் ஒனக்குக் குஷனுக்குத் துணி கொண்டாறன்" என்றாள். கொண்டும் வந்தாள். மருதமுனைத் தறியில் நெய்த சாரத்துணியின் வெட்டுத்துண்டுகள், மெரூனில், பச்சையில், கறுப்புக் கட்டத்தில். கடையில் குஷன் உறை வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போது பாவமாக இருக்கிறது. கைத்தறித் துணி தோய்க்கத் தோய்க்க மிருதுவாகும், வேர்வையையும் இழுக்கும். தரைக்குக் கம்பளத்துக்குப் பதில் ஒரு பன்பாய். கச்சான் மண்ணை உதறினால் போதும், மாரியில் சுருட்டிக் கட்டில்மேல் வைத்துவிடலாம்.

கூரை மண்ணுக்கு மட்டும் வழி தெரியாமல் இருந்தது. சீலிங் அடிப்பது எங்கள் கணக்கில் வராது. அன்ரிதான் சொன்னார், கலியாண வீட்டில் வெள்ளை கட்டுவது போலக் கட்டுங்கள் என்று. எட்டு முழ வேட்டி ஒன்றைத் தீராந்திக்கும் யன்னல் நிலைக்கும் இடையே, மேசைக்கு மேலாகக் கட்டினோம். மண் இப்போது வேட்டியில் விழுகிறது, மடிக்கணினியில் அல்ல. பல்புக்கும் வேட்டிக்கும் நடுவில் நல்ல இடைவெளி விட்டிருக்கிறோம். துணி என்பதால் காற்றும் மறிபடவில்லை. அவிழ்த்துத் தோய்த்து மறுபடி கட்ட அரை மணி நேரம் போதும்.

உடுப்புக்கு அலுமாரி இன்னும் இல்லை. கட்டில் கால்களுக்குக் கீழே சீமெந்துக் கல் வைத்து எட்டங்குலம் உயர்த்தி, அடியில் பயணப்பெட்டிகளையும் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிகளையும் தள்ளிவிட்டோம். கல்லைப் படுக்க வைத்தால்தான் ஆடாது. எதுவும் சுவரோடு ஒட்டி நிற்கக் கூடாது, நாலு விரல் இடைவெளி வேண்டும், காற்று ஓடாத இடத்தில்தான் பூஞ்சணம் தொடங்கும். உடுப்பு முழுக்கக் காயாமல் பெட்டிக்குள் போட்டால் மூடி அந்த ஈரத்தை உள்ளேயே வைத்திருக்கும். அதனால் மாரியில் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, மேலே ஒரு துணியை மட்டும் போடுவோம்.

செடி விஷயத்தில் படங்களைப் பின்பற்றவில்லை. போத்தல் தண்ணீரில் மணி பிளான்ட் வைப்பது பார்க்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாவதற்கு ஒரு கிழமை, பத்து நாள் போதும். பரீட்சைக் காலத்தில் போத்தல் தண்ணீர் மாற்ற யாருக்கு ஞாபகம் வரும்? மண்ணில் றம்பை ஒன்று, கற்பூரவள்ளி ஒன்று, இரண்டும் தெற்கு யன்னலில். றம்பை நிழலிலும் வளரும், சோறு ஆக்கும்போது ஒரு துண்டு கிள்ளிப் போடலாம். சீனிப் போத்தலுக்கு எறும்பு வராமல் தட்டில் தண்ணீர் விட்டு நடுவில் வைக்கும் பழைய வழக்கத்தையும் இதே காரணத்தால் விட்டுவிட்டு, இறுக்கமான மூடிப் போத்தலுக்கு மாறினோம்.

மின்சாரத்தில் ஒன்று மட்டும். அறையில் இருப்பது பழைய 5 அம்பியர் உருண்டைப் பின் பிளக். 230 வோல்ட்டில் அது 1150 வாட் வரைதான் தாங்கும். எங்கள் ரைஸ் குக்கர் 700 வாட், தனியாகப் போட்டால் பரவாயில்லை. மின்கேத்தல் 1500 வாட்டுக்கு மேல். மல்டி பிளக் போட்டு இரண்டையும் ஒன்றாக ஓட்ட நினைக்காதீர்கள். தேத்தண்ணிக்கு அன்ரியின் குசினிக்கே போகிறோம். அங்கே 13 அம்பியர் பிளக் இருக்கிறது, கூடவே ஊர்ப் புதினமும் கிடைக்கிறது.

ஒதுக்கியதில் 8,000 சொச்சம் போய்விட்டது. பலகை, பாய், பிளாஸ்டிக் பெட்டிகள் மூன்றும்தான் பெரிய செலவு. சுண்ணாம்பு, கயிறு, குழாய், பல்ப் எல்லாம் சேர்த்தாலும் பெட்டிகளின் விலை வராது. மிச்சக் காசுக்கு ஆளுயரக் கண்ணாடி வேண்டும் என்கிறாள் அறைத்தோழி. தொங்கவிட ஏலாது, சாய்த்து வைத்தால் சீமெந்துத் தரையில் வழுக்கும். அடியில் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி ஒட்டினால் பிடிக்கும் என்று நினைக்கிறேன். முதலில் மரக்காலையில் சட்டத்துக்கு என்ன விலை சொல்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.