பெரியப்பா இன்னும் முதுமணி ஆகவில்லை

சென்னையில் விருது என்றால் டிசம்பர், மியூசிக் அகாடமி, சங்கீத கலாநிதி. 1942-லிருந்து கொடுத்து வருகிறார்கள், இன்றைக்கும் பெயரை அறிவித்தவுடன் கேன்டீன் காபி ஆறுவதற்குள் பஞ்சாயத்து ஆரம்பித்துவிடும். அதற்கடுத்து கலைமாமணி. பட்டியலில் சினிமாக்காரர்கள் இருப்பதால் அதுவும் போட்டோவோடு பேப்பரில் வந்துவிடும். நான் எழுத வந்தது இரண்டையும் பற்றி இல்லை. மாவட்டக் கலை மன்றத்தின் விருதுகள் என்று ஐந்து இருக்கின்றன, வயதுதான் படிக்கட்டு. 18 வயது வரை கலை இளமணி, 35 வரை வளர்மணி, 50 வரை சுடர்மணி, 65 வரை நன்மணி, 66-லிருந்து முதுமணி. பத்தாவது படிக்கிற பெண்ணும் பல் போன தாத்தாவும் ஒரே மேடையில் நிற்பார்கள். எனக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

என் பெரியப்பா வியாசர்பாடியில் பம்பை என்கிற இரட்டை மேளம் அடிக்கிறவர். ஆடி பிறந்துவிட்டால் ஆளைப் பிடிக்க முடியாது, ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று கோயில், கூழ் ஊற்றுகிற இடத்தில் எல்லாம் அவர் குழுதான். இடுப்பில் பம்பையைக் கட்டிக்கொண்டு அம்மன் வர்ணிப்பை எடுத்தாரென்றால் அதுவரை செல்போனை நோண்டிக்கொண்டிருந்த பையன்கள்கூட நிமிர்ந்து பார்ப்பார்கள். ஐம்பது வருஷமாக இதே வேலை.

விருதுக்கு நாமேதான் விண்ணப்பிக்க வேண்டும். வயதுச் சான்று, கலை அனுபவத்துக்குச் சான்று, போட்டோ. அங்கேதான் மாட்டிக்கொண்டோம். கோயில் நோட்டீஸ்களைத் தேடி எடுத்தேன், பீரோ மேலே ஒரு கட்டு இருந்தது. சீரியல் லைட், பந்தல், அன்னதானம், மோர் உபயம் என்று ஒரு பெயர் விடாமல் போட்டிருக்கிறார்கள். கடைசி வரியில் ‘பம்பை உடுக்கையுடன்’. அவ்வளவுதான், அடிப்பவர் பெயர் ஒன்றில்கூட இல்லை. கடைசியில் நான்கு கோயில் தர்மகர்த்தாக்களிடம் அலைந்து லெட்டர் வாங்கினேன், அதில் ஒருவர் பெரியப்பாவின் முழுப்பெயர் என்ன என்று என்னிடமே கேட்டார், அவர் கோயிலில் இவர் இருபது வருஷமாக அடிக்கிறார்!

அப்புறம் வயது. அவர் கணக்குப்படி 68. ஆதாரில் ஜனவரி 1 என்று போட்டு (அந்தக் காலத்து ஆட்கள் பாதிப் பேருக்கு அதுதானே பிறந்தநாள்) 64 ஆக்கிவிட்டிருந்தார்கள். ஆக முதுமணி போய் நன்மணி. முதுமணிக்கு 20,000, நன்மணிக்கு 15,000. “நானு இன்னும் கெயவன் ஆவலையாம்டா” என்று தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தார். ஐயாயிரம் போனதில் எனக்குத்தான் கடுப்பு.

விழாவன்று பக்கத்து நாற்காலியில் பரதநாட்டியத்துக்கு இளமணி வாங்க வந்த ஒரு பெண், கூடவே அம்மா. அந்த அம்மா மடியில் இருந்த ஃபைலைப் பார்க்க வேண்டுமே, ஐந்து வயதிலிருந்து ஆடிய அத்தனைக்கும் சான்றிதழ், தேதிவாரியாக, பிளாஸ்டிக் உறைக்குள். குறை சொல்லவில்லை, அந்த அம்மா செய்ததுதான் சரி. பெரியப்பாவிடம் மஞ்சள் பையில் நான்கு லெட்டர் இருந்தது. அந்தப் பெண் அவரிடம் பம்பையில் ஏன் ஒன்று மரம், ஒன்று உலோகம் என்று கேட்டது, பெரியப்பா தொடையிலேயே இரண்டு கையாலும் தட்டி, வாயாலும் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்ததில் தன் பெயர் கூப்பிட்டதையே கவனிக்கவில்லை, நான்தான் எழுப்பி அனுப்பினேன்.

பொன்னாடை இப்போது பேரன் தூளிக்குள் கிடக்கிறது. சான்றிதழை நானே ஃபிரேம் போட்டு மாட்டினேன்.

இந்த ஆடிக்கு நோட்டீஸ் வந்தது. விருதைப் பற்றிக் கோயில்காரர்களிடம் சொல்லி வைத்திருந்ததால் ஆவலாகப் பிரித்துப் பார்த்தேன். பெரிய எழுத்தில் ‘கலை நன்மணி விருது பெற்ற பம்பை உடுக்கையுடன்’ என்று போட்டிருந்தார்கள்.